பிந்தி அடித்த மணி

ஜூன் 12

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நீங்கள் எழுதும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்களும் சித்தப்பாவும் சௌக்கியமா? நான் நன்றாக இருக்கிறேன். அப்பா லாரியோடு போயிருக்கிறார், அவரும் நன்றாகத்தான் இருப்பார். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் வந்தேன். பேனா நின்றுவிட்டது.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற கதவு இது ஒன்றுதான். கழிப்பறையும் இதற்குள்ளேயே இருப்பதால் அம்மா எப்போது வேண்டுமானாலும் எழுந்து வருவாள். வந்தால் தட்டமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். நானாகப் பார்த்து வெளியே வரவேண்டும். அதனால் காதை வாசலில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சித்தி, அம்மாவுக்கு மாதாமாதம் வருவது நிற்கவே மாட்டேன் என்கிறது. நின்ற மாதிரி இருக்கும், பிறகு மறுபடி ஆரம்பித்துவிடும். கொஞ்சமாகவும் இல்லை. இரவில் துணி அலசுகிற சத்தம் கேட்டு விழித்துக்கொள்வேன். காலையில் அந்தத் துணிகள் கொடியில் போர்வைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள். உதடு வெளுத்துப்போய்விட்டது. கர்ப்பப்பையில் கட்டிகள் இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். உயிருக்குப் பயமில்லை, ஆனால் சட்டென்று தீராது, மாத்திரையும் ஓய்வும் வேண்டும், தேவைப்பட்டால் கட்டிகளை மட்டும் எடுக்கலாம் என்றார்களாம். மாடியில் இருக்கிற டைப்பிஸ்ட் அக்காவிடம் அம்மா கிசுகிசுத்ததைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். என்னிடம் சொல்லவில்லை.

ஓய்வுக்கு எங்கே போவது? எங்கள் பள்ளியில் அம்மாவுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அலுவலக வராந்தாவில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. ஒவ்வொரு பாடவேளைக்கும் சுத்தியலால் அதை அடிக்க வேண்டியது அம்மா. மணிக்கு நேர் எதிரே ஆசிரியைகளின் கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கும். சாவி தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில். ஊழியர்களுக்கான கழிப்பறை மைதானத்தைத் தாண்டி, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால். அம்மா அவ்வளவு தூரம் போய்த் திரும்பவேண்டும். முடியாத நாளில் மணி பிந்திவிடும்.

வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி இருக்கிறாள், எங்கள் வகுப்பின் லவுட் ஸ்பீக்கர். "என்னடி, உங்கம்மா சுத்தியலத் தொலைச்சிட்டாங்களா?" என்பாள். நானும் சிரித்துவைப்பேன். மணி பிந்துகிற ஒவ்வொரு நிமிடமும் அம்மா எங்கே இருக்கிறாள், என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அந்த வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு எப்போதாவது இப்படி இருந்ததா? ஏதாவது மருந்து தெரியுமா? பதிலை டைப்பிஸ்ட் அக்கா விலாசத்துக்குப் போடுங்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார்.

உங்கள்
சுண்டெலி


ஜூன் 24

என் செல்லச் சுண்டெலிக்கு,

உன் கடிதம் அடுப்பில் போய்விட்டது. "என்ன கருகுது?" என்று சித்தப்பா கேட்டார். "உங்க மூளை" என்றேன். சமாதானமாகிவிட்டார்.

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். தையல் வேலை நிறைய வருகிறது. உனக்கு இருமல் எப்படி இருக்கிறது? பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே.

அக்காவைப் பற்றி நீ ரொம்ப யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. பெண்களுக்கு உடம்பில் ஏதாவது வரும், போகும். பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல். எனக்கு அந்த மாதிரியெல்லாம் இருந்ததில்லை. எனக்கு வந்தது குடல்வால், அதுதான் உனக்கே தெரியுமே, அது வேறு சங்கதி.

அக்காவுக்கு அடர்நீலத்தில் ஒரு உள்பாவாடை தைத்து அனுப்புகிறேன். ஏன் என்று கேட்டால் துணி மிச்சம் இருந்ததாம் என்று சொல். பின்பக்கம் மட்டும் உள்ளே இரண்டு மடிப்புத் துணி கொடுத்து, நடுவில் மெல்லிய ரப்பர் துணி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து எழுந்தாலும் வெளியே தெரியாது. நடக்கும்போது சத்தமும் வராது.

பாடத்தைக் கவனி. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
சித்தி


ஜூலை 5

அன்புள்ள சித்திக்கு,

இதையும் கிழித்துவிடுங்கள். இதைத்தான் முதலில் கிழிக்கவேண்டும்.

உங்கள் கைவலி குறைந்ததா? என் இருமல் போய்விட்டது.

பாவாடை வந்தது. அம்மா அதை உட்புறம் திருப்பிப் பார்த்தாள். அந்த மடிப்பை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "இவளுக்கு எப்படித் தெரியும் இந்த மாதிரி தைக்க?" என்றாள். துணி மிச்சம் என்று உளறினேன். எனக்கும் அதே கேள்விதான், சித்தி.

ஆனால் பாவாடை ஒரு நாள் தாமதமாக வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் அம்மா சுற்றறிக்கை எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்புக்கு வந்தாள். ஆசிரியை கையெழுத்துப் போடும்வரை பலகைப் பக்கம் திரும்பி நின்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் சேலையின் பின்பக்கத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆசிரியையும் பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பி, "அம்மாவக் கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். இன்னொரு பக்கத்தையும் திருப்பினேன். எழுந்திருக்கவில்லை.

கடைசி பெஞ்சுக்காரிதான் எழுந்தாள். தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் ஒட்டி நின்று, "வாங்க ஆன்ட்டி, எனக்கும் தண்ணி குடிக்கணும்" என்று வாசல்வரை அப்படியே மறைத்து அழைத்துப்போனாள். அம்மா போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை.

வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சோறு வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று கேட்கவேண்டும். உங்களுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி வந்தபோது நான் உங்கள் வீட்டில் விளையாடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தேன். நீங்கள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதீர்கள். குடல்வாலுக்கு அவ்வளவு அழுவார்களா? பிஸ்கட் கம்பெனி வேலையை ஏன் விட்டீர்கள்?

உங்கள்
சுண்டெலி


ஜூலை 28

அன்புள்ள சித்திக்கு,

டைப்பிஸ்ட் அக்கா தினமும் தலையை ஆட்டுகிறார், கடிதம் வரவில்லை என்று. உங்களுக்கு உடம்பு சரியில்லையா? நான் கேட்டது தப்பா? தப்பென்றால் கேட்காததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நோட்டுகளைக் கொண்டுபோய் வைக்க அலுவலகத்துக்குப் போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். உள்ளே தலைமையாசிரியையும் அம்மாவும். தலைமையாசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவர் உடுப்பிலும் முகத்திலும் ஒரு சுருக்கம் இருக்காது.

"டீச்சர், வயிறு கொஞ்சம் சரியில்லைங்க. பக்கத்து டாய்லெட் சாவி கிடைச்சா..."

"வயிறு சரியில்லன்னா சாப்பாட்டக் குறைச்சுக்கோ."

"அது இல்லைங்க டீச்சர். இது வந்து... பொம்பளைங்களுக்கு..."

"இங்க நாங்க எல்லாரும் யாரு? நானும் இத்தனை வருஷம் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா? உனக்குச் சாவி குடுத்தா நாளைக்குத் தோட்டக்காரர் வந்து நிப்பார்."

"சரிங்க டீச்சர்."

"இன்னொரு தடவ மணி பிந்துச்சுன்னா கரண்டு மணி வாங்கி மாட்டிடுவேன். அதுக்கு வயிறு கிடையாது."

"சரிங்க டீச்சர்."

அம்மா வெளியே வந்தபோது நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். மறுபடியும் ஒளிந்துகொண்டேன், சித்தி. எனக்கு நீங்கள் வைத்த பெயர் சரியான பெயர்தான்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

சுண்டெலி


ஆகஸ்ட் 8

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே நாங்கள் சௌக்கியம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வேலை மிகுதியால் உடனே எழுத முடியவில்லை.

நான் அழுதது தையல் போட்ட இடம் வலித்ததால். சின்னப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பெரியவர்கள் பேசுவதைக் கேட்கக் கூடாது. மற்றதெல்லாம் நீ பெரியவளானதும் பேசிக்கொள்ளலாம்.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். கை தவறி எழுதியது. படிக்க முயலாதே.

பரீட்சைக்கு நன்றாகப் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தி


ஆகஸ்ட் 30

சித்திக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும், நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.

அம்மாவின் வேலையை நான் கெடுத்துவிட்டேன்.

இன்று கணக்குப் பரீட்சை. பெரிய கூடத்தில் எல்லா வகுப்பையும் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக மைதானம் தெரியும். அம்மா சைக்கிள் கொட்டகைப் பக்கம் போவதைப் பார்த்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, பாதி வழியில் நின்று, மறுபடி நடந்து போனாள். அதன்பிறகு எனக்குக் கணக்கு ஓடவில்லை. கூடத்துக் கடிகாரத்தையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிய இரண்டே நிமிடம்தான். அம்மா வரவில்லை. கரண்டு மணிக்கு வயிறு கிடையாது என்ற குரல் காதிலேயே இருந்தது.

தண்ணீர் குடிக்கக் கேட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் யாருமில்லை. சுத்தியலை எடுத்தேன். அது இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மா அடிக்கிற மாதிரியே, நீளமாக, இடைவெளி விட்டு அடித்தேன். கூடத்தில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

கூடத்துக் கடிகாரம் முந்தி ஓடும், சித்தி. அம்மா அதற்கு அவசரக்காரி என்று பெயர் வைத்திருக்கிறாள். வீட்டில் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். மணி அடிக்கிறவளின் மகளுக்கு அது மறந்துபோயிற்று. மணி அடித்தால் விடைத்தாளை வாங்கிவிடவேண்டும் என்பது விதி. பள்ளி முழுக்க வாங்கிவிட்டார்கள். யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

தன் மணி தானாக அடிப்பதைக் கேட்டு அம்மா மைதானத்தில் ஓடி வந்தாள். ஓடக்கூடாது அவள். வந்ததும் என் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, "போ. உள்ள போ" என்றாள். இஸ்திரி வெளியே வந்தபோது சுத்தியல் அம்மாவின் கையில் இருந்தது.

"யார் அடிச்சது?"

"நான்தாங்க டீச்சர். நேரத்தத் தப்பாப் பாத்துட்டேன்."

நான் தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் டம்ளரோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. வகுப்பில் எழுந்திருக்காதவள் இங்கே மட்டும் பேசிவிடுவேனா?

அடுத்த வாரம் நிர்வாகத்தைக் கேட்டு முடிவு சொல்கிறாராம். முடிவு என்ன என்று எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கணக்க முழுசா போட்டியா?"

நீங்கள் அடித்துவிட்ட வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். "நானும் சரிங்க என்றுதான் சொன்னேன்" என்று எழுதியிருந்தது. யாரிடம் சொன்னீர்கள்?

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

சுண்டெலி


செப்டம்பர் 3

என் கண்ணே,

இங்கே நான் சௌக்கியமில்லை. அப்படி எழுதியே வருடக்கணக்காகிறது. எழுதிப் பார்க்கிறேன்.

பிஸ்கட் கம்பெனியில் பெல்ட் ஓடும்போது யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. எனக்கும் அக்காவுக்கு வந்த அதே கட்டிதான். மேற்பார்வையாளரிடம் வயிற்று வலி என்றேன். சோடா குடிக்கச் சொன்னார். இன்னொரு நாள் கேட்டேன். "உனக்குத் தினமும் வயித்து வலியா? வேலைய விட்டுட்டு வீட்ல படுத்துக்கோ" என்றார். சரிங்க என்றேன். அந்த நீலப் பாவாடை மாதிரி ஒன்றை நான் முதலில் எனக்காகத்தான் தைத்தேன். எந்த ரப்பர் துணி வைத்தால் சத்தம் வரும், எங்கே மடிக்கவேண்டும் என்பதெல்லாம் அங்கே நின்று நின்று கற்றுக்கொண்டது. ஒரு நாள் பெல்ட் மேலேயே விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ரொம்பப் பிந்தி வந்திருக்கிறாய் என்றார்கள். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள்.

குடல்வால் என்று சொல்லச் சொன்னது நான்தான். சித்தப்பாவைச் சத்தியம் செய்யவைத்தேன். சொந்த அக்காவிடமும் குடல்வால் என்றேன். எனக்கு ஏன் பிள்ளை இல்லை என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் சொல்லாததால், இது உலகத்தில் தனக்கு மட்டும் வந்த அசிங்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அந்த டீச்சர் முன்னால் வயிறு, வயிறு என்று முனகிக்கொண்டு நிற்கிறாள்.

உன்னிடம் நான் முதல் கடிதத்திலேயே பொய் சொன்னேன். பதில் போடாமல் இருந்த நாட்களில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறாய். உனக்கு வழி சொல்கிற தகுதி எனக்கு இல்லையடி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. அடுப்பில் போடாதே. அக்காவிடம் காட்டு.

துணி மூட்டையை முடித்துக் கொடுத்ததும் நான் புறப்பட்டு வருகிறேன்.

உன்
சித்தி


செப்டம்பர் 13

அன்புள்ள சித்திக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை நிஜமான பதில் வேண்டும்.

உங்கள் கடிதத்தை அம்மாவின் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் குளியலறையில் இருந்தபோது கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. காகிதத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து வந்தவள், "குடல்வால்னு சொன்னாளே, பாவி! பழம் வேற வாங்கிட்டுப் போய்ப் பாத்தேனே!" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவளின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் எழுந்திருக்காததைச் சொன்னேன். "தெரியும். நீ பக்கத்தத் திருப்புன சத்தம்கூடக் கேட்டுச்சு" என்றாள். தலையைக் கோதிவிட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். பரீட்சையன்று மணி அடித்தது நான் என்று நானே சொன்னேன். இஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு அடிச்ச?" என்றார். அதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"எனக்கு வயித்துக் கோளாறு இல்லைங்க டீச்சர். கர்ப்பப்பை. அதுல கட்டி. ரத்தம் நிக்க மாட்டேங்குது. அதான் மணி பிந்துது."

எழுத்தர் நிமிர்ந்தார். தோட்டக்காரர் வாசலில் குடத்தோடு நின்றுவிட்டார்.

"மெல்லப் பேசும்மா!" என்றார் இஸ்திரி.

"இத்தன நாளும் மெல்லத்தாங்க டீச்சர் பேசினேன்."

சுத்தியலை அவர் மேசையில், கோப்புகளுக்கு மேல் வைத்தாள். "அடுத்த மணிக்கு நேரமாச்சு. நான் போயிட்டு வரணும். சாவி குடுத்தீங்கன்னா திரும்பி வந்து நானே அடிக்கறேன். இல்லன்னா நீங்க அடிங்க."

சாவி வரவில்லை. அம்மா மைதானத்தில் இறங்கி நடந்தாள். ஓடவில்லை. யாரோ பார்க்கிறார்களே என்று குனியவும் இல்லை. நான் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் மணி அடித்தது. டங் என்று ஒன்று, டடங் என்று ஒன்று, பிறகு சுத்தியல் கீழே விழுந்த சத்தம். "இது உங்கம்மா இல்லடி, எவளோ கத்துக்குட்டி" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. "இஸ்திரி" என்றேன். நிலைமையை மறந்து இரண்டு பேரும் டெஸ்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தோம். எழுந்ததும் அவளிடம் அன்றைக்கான நன்றியைச் சொன்னேன். "போடி, எங்கம்மாவுக்கும் இருக்கு" என்றாள், வழக்கத்துக்கு மாறாக மெல்ல.

நேற்றுக் காலை மணிக்குப் பக்கத்து ஆணியில் கழிப்பறைச் சாவி தொங்கியது. யார் மாட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கரண்டு மணிக்காக ஓர் ஆள் வந்து சுவரை அளந்துவிட்டும் போயிருக்கிறான். அது வந்தபிறகு அம்மாவுக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் கணக்குப் பரீட்சை மறுபடி உண்டு. நான் மட்டும் இந்த வாரம் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டும். நின்றால் மணி அடிக்கிற அம்மா தெரிவாள், அதனால் பரவாயில்லை.

நீங்கள் வந்ததும் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறாள். பிந்திப்போவதற்குள்.

இப்போதெல்லாம் நான் ஒளிந்து எழுதவேண்டியதில்லை. ஆனாலும் இந்த வாளிமேல் உட்கார்ந்தால்தான் எனக்குக் கை ஓடுகிறது. இன்னும் ஒன்று சொல்ல வந்தேன், சித்தி, அந்த நீலப் பாவாடையில்...

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான்! சித்தி, அம்மா தட்டுகிறாள். உள்ளங்கையை விரித்து, கதவே அதிர, "எவ்ளோ நேரம்டி? எனக்கு அவசரம், வெளிய வா!" என்று...